ஸ்தனிஸ் உட்கார்ந்த இடம்

“இந்த மனுஷன எங்க உக்கார வச்சாலும் அந்த எடம் வீணாத்தான்க்கா போவுது” என்று எமிலி சொன்னாள். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ் பாக்டரியில் டோக்கன் கிழிக்க உட்கார வைத்தபோது சொன்னாள், அவள் அண்ணன் பிடித்துக் கொடுத்த போட்டோ ஸ்டுடியோவில் உட்கார வைத்தபோது சொன்னாள், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று தோளில் மாட்டிவிட்ட தோல்பை கொஞ்ச நாளில் வெங்காயம் வாங்கப் போகிற பையாக மாறியபோது சொன்னாள். இப்போது சித்திரை வெயிலில், எங்கள் இரண்டு அடுப்படிக்கும் பொதுவான முற்றத்தில், மீன் கழுவிய சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். அந்த மனுஷன் நடையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என் வீட்டுக்காரருக்கு உடன்பிறந்த தம்பி, எனக்குக் கொழுந்தன், எமிலிக்குப் புருஷன். ஞானஸ்நானப் பெயர் ஸ்தனிஸ்லாஸ், அதை முழுசாகக் கூப்பிடுகிற பொறுமை தூத்துக்குடியில் யாருக்கும் இல்லாததால் ஸ்தனிஸ். கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், மீன் குழம்பில் உப்பில்லை என்றால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்து போவார், எழுந்து போய் என்ன செய்வார் என்றால் இன்னொரு இடத்தில் உட்காருவார். மற்றவர்கள் உட்காருவது மறுபடி எழுந்திருப்பதற்காக. இவர் உட்கார்ந்தால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல் மாதிரி, எப்போது வந்தது, எதற்கு நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, தினமும் பார்த்துப் பார்த்து அது அங்கே இருப்பதே கண்ணில் படாமல் போய்விடும். கான்வென்டில் எங்களுக்கு மாரல் சயின்ஸ் எடுத்த மதர் கிளாரிஸ், ஆண்டவர் ஒவ்வொருவரையும் ஒரு காரியத்துக்கென்றே படைத்திருக்கிறார், அது என்னவென்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வீட்டுப்பாடம் என்று வெள்ளிக்கிழமைதோறும் சொல்வார். நான் கொஞ்ச வருஷம் தேடிப் பார்த்துவிட்டு, நாள் தவறாமல் இட்லிக்கு ஊறப்போடுவதுதான் அந்தக் காரியம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஸ்தனிஸைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மதரை எங்கிருந்தாலும் கூட்டிவந்து இவர் எதிரில் நிறுத்தி, இப்போது சொல்லுங்கள் மதர் என்று கேட்கவேண்டும் போலிருக்கும்.

அன்றைக்குச் சண்டை வழக்கமான சண்டை இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் எமிலிக்கு வார்டன் வேலை வந்திருந்தது, தங்குவதற்கு அறை உண்டு, மகள் மெர்லினுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஜூன் மாதம் சேர வேண்டும். “நானும் பிள்ளையும் போறோம். அதுக்குள்ள உங்களுக்குன்னு ஒரு காரியம் இருக்குன்னு எனக்குத் தெரியணும். தெரியலேன்னா வீட்டுச் சாவிய உங்க கையில குடுத்துட்டுப் போயிருவேன், திரும்பி வரமாட்டேன்” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எமிலி சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த தெருவரைக்கும் கேட்டு அடங்கிவிடும். மெதுவாகப் பேசினால்தான் நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வருவேன். அன்றைக்கு வந்தேன். ஸ்தனிஸுக்கும் அந்தக் குரல் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நாற்காலியை விட்டு எழுந்தார், பதில் சொல்லத்தான் எழுகிறார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தில் இறங்கி வெயிலில் நின்றார்.

அவருடைய நிழல் தரையில் விழுந்தது. ஒரு மனுஷனுக்கு விழவேண்டிய நிழல் இல்லை அது. துணி துவைக்கிற கல்லைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, மதில்மேல் ஏறி இறங்கி, பக்கத்து வீட்டு மாடிப்படி வரைக்கும் கிளை பிரிந்து, இலை அசைந்து, இலைக்கு நடுவில் புள்ளி புள்ளியாய் வெளிச்சம் ஆடி, பெரிய மரம் ஒன்று நிற்பதுபோல விழுந்தது, கடற்காற்று கொஞ்சமும் இல்லாத அந்த மத்தியானத்தில் நிழலுக்குள் மட்டும் ஒரு காற்று வந்தது. மதிலில் படுத்திருந்த பூனை எழுந்துவந்து அதற்குள் படுத்துக்கொண்டது. எமிலி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். நான் பார்த்தது வேறு. கல்லின் மேல் காலையில்தான் மோர் மிளகாய் காயப்போட்டிருந்தேன், அவ்வளவும் நிழலில் கிடந்தது.

“ஸ்தனிஸ், என் மிளகாய் காயணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றேன்.

“சரி மதினி” என்று தள்ளி நின்றார், மரமும் தள்ளி நின்றது.

சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முடுக்கு முழுக்க வந்து பார்த்துவிட்டது. அது எந்த மரத்து நிழல் என்பதில்தான் சண்டை, ஒரு மனுஷனுக்கு எப்படி மரத்து நிழல் வந்தது என்று யாரும் சண்டை போடவில்லை. ஐஸ்வண்டிக்காரர் புளியமரம் என்றார், புளிய மரத்து நிழலில் படுத்தால் உடம்பு வலிக்கும், இதில் வலிக்கவில்லை, ஆகவே இது வேம்பு என்று தையல்காரர் சொன்னார், கடைசியில் இலையின் அளவைப் பார்த்துப் பூவரசு என்று முடிவானது. சிட்டுக்குருவிகள் வந்து, கிளை இருக்கவேண்டிய உயரத்தில் உட்காரப் பார்த்து, கால் பதியாமல், கொஞ்சம் அவமானப்பட்ட மாதிரிப் பறந்து போயின. பங்குச்சாமியார் ஞாயிறு பூசை முடிந்து வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நிழலில் நின்றார், நோய் எதுவும் குணமானதா என்று கேட்டார், இல்லை என்றோம், அப்படியானால் மேலிடத்துக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத அந்த நிழலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சத்து மாத்திரை கொடுத்தார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதல் வாரத்தில் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். அவ்வளவு பெரிய நிழலில் ஸ்தனிஸுக்கென்று ஒரு கை அளவுகூட இல்லை. வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர் தலையில் வெயில்தான். நிழல் எல்லாம் அடுத்தவர்களுக்கு.

பிறகு ஊர் அவரை உபயோகிக்க ஆரம்பித்தது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வந்து அண்ணாச்சி சும்மா எங்ககூட நில்லுங்க என்று கூட்டிப்போனார்கள், பள்ளிக்கூடத்தில் கோடைக்கால விளையாட்டுப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், கல்யாண வீடுகளில் பந்தலுக்குச் சொல்லி அனுப்பாமல் ஸ்தனிஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பந்தல்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, வெயில் காலம்தான் எனக்கு விளைச்சல் காலம், அதிலேயும் இவரு வந்து மண்ணள்ளிப் போட்டா நான் எங்க போக என்று நியாயம் கேட்டார், வெயிலில் நின்று கேட்டதால் பாதியில் களைத்துப்போய் ஸ்தனிஸின் நிழலுக்குள் வந்து நின்று மீதியைக் கேட்டார். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே நாளில் கூட்டம் வைத்து இரண்டு பேரும் கார் அனுப்பினார்கள், ஸ்தனிஸ் யாருடைய காரில் ஏறுவது என்று தெரியாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார், இரண்டு கூட்டமும் கலைந்தது.

எமிலி முதலில் சந்தோஷப்பட்டாள். சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினாள். கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிறவர்கள் பக்கம் நில்லுங்கள் என்பார்கள், நிற்பார், தாம்பூலப் பையும் சாப்பாட்டுப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு வருவார், வந்து அதே நாற்காலியில், அதே முகத்தோடு உட்காருவார். ஒரு நாள் எமிலி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் அடுப்படிக்கு வந்தாள். “ஒருத்தருக்குக் காரியம்னு ஒண்ணு கெடச்சா மொகத்துல தெரியும்க்கா. இவரு மொகத்துல ஒண்ணும் தெரியல. முன்ன வீட்டுல சும்மா இருந்தாரு, இப்ப வெளியில போயி சும்மா இருக்காரு, அவ்வளவுதான்” என்றாள். நிழலை ஊரே கொண்டாடுகிறது, இவள் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது. மறுநாள் அவள் மெர்லினின் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தாள்.

என் வீட்டுக்காரர் உப்புக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். ஊருக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டும் தூரம்வரை பாத்தி பாத்தியாய் உப்பளம், நடுவில் தகரக் கூரை போட்ட ஆபீஸ் ஒன்று, அதில் ஒரு மின்விசிறி, அது என் வீட்டுக்காரர் தலைக்கு மேல். அவர் சாப்பாட்டுக் கேரியரை மறந்து வைத்துவிட்டுப் போவது வாரம் ஒரு முறையாவது நடக்கும். அன்றைக்கும் மறந்தார். ஸ்தனிஸுக்கு எங்கும் அழைப்பில்லை. கேரியரைக் கையில் கொடுத்து, அண்ணனிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பி வாருங்கள், அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். கேரியர் அண்ணனுக்குப் போய்ச் சேரவில்லை. மேனேஜர் பசியோடு வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு பாட்டு, நான் வாசலில் நின்று வராத கொழுந்தனுக்கு ஒரு பாட்டு, இப்படியே பொழுது சாய்ந்த பிறகு ஸ்தனிஸ் வந்தார். காலெல்லாம் உப்பு, மூக்கு நுனி உரிந்திருந்தது. கேரியர் காலியாக இருந்தது. எமிலி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான்தான் கேட்டேன்.

நடந்ததை அவர் சொன்னார், அவ்வளவு வார்த்தைகளை அவர் மொத்தமாகச் செலவழித்து நான் பார்த்ததில்லை. உப்பளத்தில் ஒரு மரம் கிடையாது, புல் கிடையாது, உப்பு விளைகிற மண்ணில் வேறு எதுவும் விளையாது, கீழே வெள்ளை, மேலே வெள்ளை, கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளை. விடியுமுன் வந்து பலகையால் உப்பை வாரி, தலையில் சுமந்து, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் கொட்டுகிற பெண்கள் மத்தியானம் வரப்பில் நின்றபடியே தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவார்களாம், சுடுகிற மண்ணில் உட்கார முடியாததால். இவர் ஆபீசுக்குப் போகிற வழியில் வரப்பில் ஏற, நிழல் அவர்கள்மேல் விழுந்தது. அவர்கள் உடனே உட்காரவில்லையாம். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். வருஷக்கணக்கில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், ஆனால் அந்த இடத்தில் எப்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்ததால், அங்கே வைத்து ஒருத்தி கண்ணை இன்னொருத்தி திறந்து பார்த்ததில்லை. பேச்சித்தாய் என்பவள், கூட வேலை பார்க்கிறவளின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, ஏட்டி, உனக்கு இம்புட்டுப் பெரிய கண்ணா என்று கேட்டாளாம். அப்புறம் உட்கார்ந்தார்களாம். கேரியரைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி நீங்க சாப்பிடலியா என்று அவர்களே திறந்து இவருக்குப் பரிமாறி, அவர்களும் ஆளுக்கொரு வாய் எடுத்துக்கொண்டார்களாம்.

“அதெல்லாம் சரி, சாப்பிட்டு முடிச்ச உடனே எந்திரிச்சு வரவேண்டியதுதானே” என்றேன்.

“நான் எந்திரிச்சா அவங்களும் எந்திரிக்கணும் மதினி. அதனால எந்திரிக்கல” என்றார்.

மறுநாள் நான் பால் வாங்கக் கதவைத் திறந்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. எட்டு மணிக்கு முன்னால் அந்த மனுஷனை எழுப்ப எமிலி தகர டப்பாவைத் தட்டிய நாட்கள் உண்டு. சைக்கிளையும் காணோம். எமிலி முற்றத்தில் நின்று அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அதை எடுத்து மடக்க முடியாத நாற்காலியை மடக்கப் பார்க்கிறவள்போல இரண்டு தடவை திருப்பி, சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.

ஆனால் உப்புக்கு வெயில் வேண்டும். நிழல் விழுந்த பாத்தியில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது, உப்பு பூக்கவில்லை. முதலாளி வந்து பார்த்தார், உப்பு விளையுற எடத்துல மரத்த நட்டு வச்சிருக்கியேவே என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார், அது மரமில்லை என் தம்பி என்று இவர் சொல்ல, அப்படியானால் இன்னும் எளிது, வெட்ட வேண்டாம், வீட்டுக்குப் போகச் சொல் என்றார். என் வீட்டுக்காரர் தம்பியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஸ்தனிஸ் ஒரு வாரம் தவணை கேட்டார். பிறந்ததிலிருந்து அவர் யாரிடமும் கேட்ட முதல் தவணை அதுதான். அந்த வாரம் முழுக்க அவர் செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன், கேரியரோடு போனபோது. வெயில் நகர நகர அவரும் வரப்பில் நகர்ந்தார், அரை அடி இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம், கிளை பாத்தியில் படாமல் வரப்பில் மட்டும் விழவேண்டும், சுமை தூக்கி வருகிறவள் தட்டுமேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அவளுக்கு நிழல் கிடைக்க வேண்டும், உப்புக்கு வெயில் கிடைக்க வேண்டும். மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் யோசித்துச் சொல்கிற மனுஷன், பத்து மணி நிழல் எங்கே விழும், மூன்று மணி நிழல் எங்கே விழும் என்று யோசிக்காமலே தெரிந்து உட்கார்ந்தார். வார முடிவில் முதலாளி வந்தார், உப்பைப் பார்த்தார், உப்பு குறையவில்லை. பெண்களைப் பார்த்தார். அவர்கள் தலைச்சுமையோடு பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள், அவர் அளத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை போலிருக்கிறது, என்ன ஏதென்று சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் வரப்பில் நின்றார், நிழலில்தான் நின்றார். அதற்கு மேல் யாரும் ஸ்தனிஸைப் போகச் சொல்லவில்லை.

இத்தோடு எல்லாம் சரியாகியிருக்கும், மரியாதை என்று ஒன்று குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. ஸ்தனிஸ் கறுத்தார், உரிந்தார், உரிந்த இடத்தில் மறுபடி கறுத்தார், உதடு வெடித்தது, தலையில் முடி இருந்த இடமெல்லாம் கொப்புளம். தொப்பி கொடுத்தால் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, நிழல் குறைகிறது என்று கழற்றிவிடுவார். அளத்துப் பெண்களுக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளில் எல்லோரும் கூடி, பனங்கைக் கம்புகள் நட்டு, ஓலை வேய்ந்து, தட்டுமேட்டோரம் அவருக்கென்று ஒரு கூரை போட்டார்கள். கயிற்றில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள், உட்காருவதற்குப் புதுப்பாய். திங்கட்கிழமை காலையில் பேச்சித்தாய் அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, “எங்களுக்கு நெழலு குடுக்கிய அண்ணாச்சி, உங்க தல வெயில்ல வேகலாமா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூரைக்கடியில் உட்கார வைத்தாள்.

கூரைக்கடியில் இருக்கிற மனுஷனுக்கு ஏது நிழல்? வரப்பு மறுபடி வெள்ளையானது. நட்ட நடுமத்தியானத்தில் அந்தப் பெண்கள் கூரையைச் சுற்றி வெயிலில் நின்றுகொண்டு, தூக்குவாளியைத் திறந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “சௌரியமா இருக்கா அண்ணாச்சி” என்று கேட்டார்கள். “ரொம்பச் சௌரியம் தாயி” என்று அவர் சொன்னார். கட்டிய கூரையைப் பிரிப்பது அவருக்கு அவமரியாதை என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆசையாய்க் கட்டியதை வேண்டாம் என்பது அவர்களுக்கு அவமரியாதை என்று இவர் வாயைத் திறக்கவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. இவர் நிழலில் வாடினார், அவர்கள் வெயிலில் வாடினார்கள், இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கவிழ்த்து வைத்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்காருவார். முகம் பழைய முகம். ஐஸ் பாக்டரி முகம். நான் பொறுக்கமுடியாமல், வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அவங்க ஆசையாக் கட்டினது மதினி என்றார். என் வீட்டுக்காரரிடம் நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அது ஆபீஸ் விஷயமில்லை என்றார். எமிலி உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள், எல்லாம் அவள் காதில் விழுந்தது, எதையும் அவள் கேட்டுக்கொண்டதாகக் காட்டவில்லை.

போகிற நாளும் வந்தது. அவளும் மெர்லினும் கிளம்பி வாசலுக்கு வந்தபோது ஸ்தனிஸ் விடியுமுன்பே அளத்துக்குப் போயிருந்தார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ என்றேன். “அவரு கையில குடுக்கேன்னு சொன்னேன்க்கா, அவரு கையிலதான் குடுப்பேன்” என்றாள். சொன்ன சொல்லை இப்படிப் பிடித்துக்கொள்கிற பெண்ணைக் கட்டிக்கொடுத்த அவள் அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டு நானும் ஆட்டோவில் ஏறினேன். மெர்லின் மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று வாங்கிய முந்திரி மக்ரூன், வெயிலுக்கு உள்ளே உருகி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

வரப்பில் இறங்கி நடந்தோம். தூரத்தில் அந்தக் கூரை, அதற்கடியில் கோயில் திருவிழாவில் மாதா சுரூபத்தை இறக்கி வைத்த மாதிரி ஸ்தனிஸ், சுற்றிலும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பெண்கள். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார், தலை ஓலையில் இடித்தது, உட்கார்ந்துவிட்டார். எமிலி அவர் எதிரில் போய் நின்றாள். சாவி கையில். அவரைப் பார்த்தாள், அந்தப் பெண்களைப் பார்த்தாள், கொப்புளம் வெடித்த பேச்சித்தாயின் காலைப் பார்த்தாள், காய்ந்துபோன மாவிலைத் தோரணத்தைப் பார்த்தாள், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டாள், சேலையை இழுத்துச் செருகினாள், இரண்டு கையாலும் ஓலையைப் பிடித்து இழுத்தாள்.

பேச்சித்தாய் ஓடிவந்து தடுத்தாள். “யக்கா, இது நாங்க மரியாதைக்குக் கட்டினது” என்றாள்.

எமிலி சாவியை வாயிலிருந்து எடுத்தாள். “இந்த மனுஷன் உக்கார்றதுக்குன்னே பொறந்தவரு. அது எங்கேன்னு தெரியாமத்தான் இத்தன வருஷம் போச்சு. இப்பத்தான் தெரிஞ்சுது, அதையும் கூரையப் போட்டு மூடிட்டீங்களே” என்று சொல்லிவிட்டு மறுபடி சாவியைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பெரிய ஓலை ஒன்று சரிந்தது, அவர் தோளில் வெயில் விழுந்தது, வரப்பில் ஒரு கிளை விழுந்தது. அதைப் பார்த்ததும் பேச்சித்தாய் எமிலியின் பக்கத்தில் வந்து நின்று அவளும் ஒரு ஓலையைப் பிடித்தாள். அப்புறம் எல்லோரும் பிடித்தார்கள், கட்டியபோது காட்டிய அதே ஆசையோடு பிரித்தார்கள், மெர்லின்கூட டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தோரணத்தை அறுத்தாள். மரம் முழுசாகத் திரும்பி வந்தது. அந்தப் பெண்கள்மேல், என்மேல், வேடிக்கை பார்க்க வந்து நின்ற ஆட்டோக்காரன்மேல், அந்தக் காற்று வந்தது. ஸ்தனிஸ் நடுவில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தெரிந்தது. எமிலி அன்றைக்குச் சொன்னாளே, அது தெரிந்தது.

அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. குடத்துத் தண்ணீரை எடுத்து அவர் தலையில் ஊற்றினாள், மரியாதைக்குப் போர்த்திய துண்டை உருவி நனைத்து, பிழியாமல் அவர் தலையில் கட்டினாள், அவர் நிழலில் ஒரு இலைகூடக் குறையவில்லை. “இது காயக்கூடாது. காயக் காய யாராவது நனைக்கணும். காய விட்டீங்கன்னு தெரிஞ்சா பாளையங்கோட்டையில இருந்து பஸ் ஏறி வருவேன்” என்று பேச்சித்தாயிடம் சொன்னாள். பேச்சித்தாய் சரிக்கா என்றாள், பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் தலையாட்டுவதுபோல மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

ஸ்தனிஸ் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். “சாவி?” என்றார்.

“எங்கிட்டயே இருக்கட்டும். சனிக்கிழம வந்து நான் தொறக்க வேண்டாமா” என்று எமிலி சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள். ஆட்டோவில் ஏறினோம். துறைமுகச் சாலை திரும்புகிற இடத்தில், “நல்லாக் கறுத்துட்டாருல்லக்கா” என்றாள், துபாயிலிருந்து திரும்பி வந்த புருஷனைப் பற்றி மற்ற பெண்கள் சொல்வார்களே, அந்தக் குரலில்.

அவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த விடுதியில் நூறு பெண் பிள்ளைகளை மெதுவான குரலிலேயே ஆட்டி வைக்கிறாள் என்று கேள்வி, நான் ஆச்சரியப்படவில்லை. மற்ற நாள் ஸ்தனிஸுக்கு எங்கள் நடையில்தான் பாய், சனிக்கிழமை மாலை அவள் வருகிறாள், வீட்டைத் திறக்கிறாள், அவர் தலையைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் ஒரு முறை ஸ்தனிஸ் பெயரைச் சொன்னார், அன்றைக்கும் அவர் கோயிலில் இல்லை, அளத்தில் இருந்தார், மழைக்கு முன்னால் உப்பைக் குவித்து மூடுகிற அவசரம், ஞாயிறும் வேலை. எனக்கு மதர் கிளாரிஸிடம் கேட்பதற்கு இப்போது ஸ்தனிஸைப் பற்றி ஒன்றும் இல்லை. வேறு ஒருத்தியைப் பற்றி இருக்கிறது, நாள் தவறாமல் இட்லிக்கு ஊறப்போடுகிறவளைப் பற்றி.

போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் மறுபடி கேரியரை மறந்தார். இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டோ கிடைக்கவில்லை, பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெள்ளைக்குள் நடந்தேன், குடை எடுக்கவில்லை, கண் கூசியது, செருப்பு சுட்டது, வாயில் நல்ல வசவாக ஒன்று திரட்டிக்கொண்டு போனேன். ஆபீஸில் மின்விசிறி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். வரப்புக்கு வந்தேன்.

மரம் வரப்பு நெடுக விழுந்திருந்தது. அதற்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் பலகையைத் தலைக்கு வைத்து, பெரிய கண்ணுக்காரி அவள் வயிற்றில் தலை வைத்து, ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு, ஒருத்தி காலை மடக்கி, நடுவில் நாய் ஒன்று, ஓரத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மேனேஜர், என் வீட்டுக்காரர், வீட்டில் ஒரு நாளும் தூங்காத தூக்கம். கொக்குகள்கூட வந்து ஒற்றைக்காலில் நின்றிருந்தன. ஒரு கிளைக்கடியில்கூட இடம் மிச்சமில்லை. வெயிலில் ஸ்தனிஸ் மட்டும் முழித்து உட்கார்ந்திருந்தார், தலையில் ஈரத்துண்டு, காதோரம் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். பேசினால் அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று பேசவில்லை. அசைந்தால் நிழல் பாத்தியில் விழும் என்று அசையவில்லை.

வசவை விழுங்கிவிட்டேன். செருப்பைக் கழற்றினேன், சுட்டது, மறுபடி போட்டுக்கொண்டேன். நிழலின் ஓரத்தில், என் நெற்றியில் வெயிலும் கால்விரலில் மட்டும் அந்தக் காற்றுமாக நின்றுகொண்டு, யாரையென்று இல்லாமல், எழுப்பிவிடாத அளவுக்கு மெதுவாகக் கேட்டேன்:

“கொஞ்சம் தள்ளிப் படுங்களேன். எனக்கும் ஒரு ஆள் எடம் விடுங்க.”